நோயாளிக்கு என்ன தெரியும்?

அமெரிக்காவில் எச்.ஐ.வி. நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற விரும்பும் மாணவர்களுக்குச் சர்க்கார் பணத்தில் உபகாரச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளிப்பதுண்டு. அதில் ஒரு வகைப் பயிற்சி, எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது என்பதை நோய்க்கு ஆளான ஜனங்களோடு கலந்தே முடிவு செய்வதாகும். "படித்த டாக்டர்கள் இருக்க, நோயாளிக்கு என்ன தெரியும்?" என்று சிலர் பரிகாசம் செய்யலாம்.

நோயாளியைக் கேளாமல் நடத்திய ஆராய்ச்சியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். 1932இல் அலபாமா மாகாணம் டஸ்கீகீயில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவார் சுமார் 600 கருப்பு மக்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேக நோய். "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்றார்களேயொழிய உண்மையைச் சொல்லவில்லை. பென்சிலின் வந்த பின்பும் சோறு போட்டார்கள், பிணம் புதைக்கப் பணம் கொடுத்தார்கள். மருந்து மட்டும் கொடுக்கவில்லை! 1972இல் பத்திரிகையில் வெளியான பிறகே அது நின்றது. 40 வருஷம் இதைச் செய்தவர்கள் படித்தவர்கள்தாமே?

1983இல் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோய் கண்டவர்களே கூடி, தங்களைப் பலியானவர்கள் என்று அழைக்கக் கூடாதென்றும், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டுமென்றும் அறிக்கை விட்டார்கள். இதில் என்ன தப்பு என்று கேட்கின்றோம்.

இன்று நல்ல மருந்து இருக்கின்றது. அதை ஒழுங்காய்ச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவால் நோய் பரவுவதில்லை. அப்படியிருந்தும், அந்நாட்டு ஜனத்தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கான கருப்பு மக்கள், 2022இல் புதிதாக எச்.ஐ.வி. காணப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததேன்? கிருமி நிறம் பார்க்கின்றதா? இல்லை. பணமும், இன்ஷூரன்ஸும், ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மரியாதையும் நிறம் பார்க்கின்றன. இதைப் பூதக்கண்ணாடியில் காண முடியாது. அனுபவித்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

2025இல் அமெரிக்க சர்க்கார் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கான பல மானியங்களை ரத்து செய்தது; விஷயம் கோர்ட்டுக்கும் போயிற்று. சம்பளம் நின்றால் படிப்பு நிற்பது யாருக்கு? பணக்காரன் பிள்ளைக்கல்ல, நோய் மிகுந்த தெருவிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைக்கேயாகும். அப்புறம் ஆராய்கிறவன் ஒரு ஜாதி, ஆராயப்படுகிறவன் ஒரு ஜாதி என்றாகிவிடும்.

ஆகவே இச்சம்பளம் தர்மமல்ல. மறுபடியும் ஒரு டஸ்கீகீ நேராதிருக்க வைக்கும் காவல் என்றே சொல்லுவோம்.