ஹாஸ்டல் வார்டன்... அட்டெண்டன்ஸ் எடுக்க மட்டும்தானா?

பிள்ளையை ஹாஸ்டல்ல சேர்க்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதான். சாப்பாடு எப்படி, தண்ணி ஒழுங்கா வருதா, ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவாங்க? ஆனால், 'ராத்திரி 12 மணிக்கு என் பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?' என்று கேட்பவர்கள் குறைவு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 2025 ஜூலையில் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால், தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். ஆசிரியர்கள், மற்ற ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும்.

ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை

யுஜிசி-யின 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளின்படி ஹாஸ்டலுக்கு முழுநேர வார்டன் இருக்க வேண்டும். கண்டிப்பும் வேணும், பிள்ளைகளோடு பேசும் பக்குவமும் வேணும் என்கிறது விதி. நடைமுறையில் பல கல்லூரிகளில் வகுப்பெடுக்கும் பேராசிரியருக்கே இது கூடுதல் பொறுப்பு. அட்டெண்டன்ஸ் எடுப்பதும், லேட்டா வந்தால் வீட்டுக்கு போன் போடுவதும் அவர்தான். 'இவர்கிட்ட மனசுவிட்டுப் பேசினா, விஷயம் அப்பா காதுக்குப் போயிடுமே' என்று பிள்ளைகள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கண்டிக்கிறவர் வேறு, காதுகொடுத்துக் கேட்கிறவர் வேறு என்று கல்லூரிகள் பிரித்தே ஆக வேண்டும்.

முதல்ல கவனிப்பது யார்?

மூணு நாளா சாப்பிட வராத பையனை மெஸ் அண்ணனுக்குத் தெரியும். விடிய விடிய வராண்டாவில் நடக்கும் பெண்ணை வாட்ச்மேனுக்குத் தெரியும். எந்த ரூம் கதவு திறக்கவே இல்லை என்பது பெருக்க வரும் அக்காவுக்குத் தெரியும். ஆனால், இவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கிவிடுவார்கள். பயிற்சி நடந்தால் அவர்களையும் உட்கார வைக்கணும். யாரிடம் சொல்வது என்பதையும் சொல்லித்தரணும்.

சீனியர்... காவலா, ஆலோசகரா?

1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகே, 1997-ல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியர் என்றாலே பயம் என்றிருந்த நிலையை மாற்ற, ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி மாணவர் என்ற ஏற்பாட்டைச் சொன்னது யுஜிசி.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், 20 வயசுப் பிள்ளை டாக்டர் கிடையாது. கவனிக்கிறது, 'என்னடா ஆச்சு?' என்று கேட்கிறது, உரிய ஆள்கிட்ட கூட்டிட்டுப் போறது... இவ்வளவுதான் அவர் வேலை. 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று ஜூனியர் கெஞ்சினாலும், உயிர் விஷயம் என்றால் சொல்லியே ஆகணும். அதேபோல, அந்தச் சீனியருக்கும் பாரத்தை இறக்கிவைக்க ஒருவர் வேண்டும். ஆறு வழிகாட்டிகளுக்கு மேல் இன்னொரு வழிகாட்டி என்று அதே விதியே சொல்கிறது. இதையெல்லாம் காகிதத்தில் மட்டும் வைத்திருந்தால் பலனில்லை.

அட்மிஷனுக்குப் போகும் பெற்றோரே, மெஸ் மெனுவோடு இரண்டு விஷயங்களையும் கேளுங்கள்: இரவு டியூட்டியில் இருப்பவர் யார், ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?

(மன உளைச்சலா? 'டெலி மானஸ்' 14416, தமிழக அரசின் 104 எண்களுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.)