விலை போகாத சில்லு

எங்கள் வீட்டில் பீங்கான் உடைந்தால் அன்றைக்கே அது வாசலைத் தாண்டிவிட வேண்டும். விரிசல் விட்ட தட்டில் சோறு போட்டால் தரித்திரம், உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தால் அதைவிட மோசம் என்பது அம்மாவின் சட்டம். ஆனால் வெளியேற்றியதை எங்கே போடுவது என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், பேப்பர் என்று கூவிக்கொண்டு வருகிறவரின் தராசில் ஓட்டை வாளிக்கும் மதிப்பு உண்டு. உடைந்த பீங்கானைக் காட்டினால் மட்டும், "அது வேணாம்மா" என்று சைக்கிளை மிதித்துவிடுவார். கடைசியில் அது கொல்லைப்புற மூலையில், செருப்பில்லாமல் வருகிறவர் காலைப் பதம் பார்க்கக் காத்துக் கிடக்கும்.

குப்பையிலும் விலை போகாத குப்பை அது. அதையே பொறுக்கி வந்து ஒருவர் தன் வீட்டை இழைத்திருக்கிறார் என்றால் எப்படிப் பார்க்காமல் இருப்பது? பாரீஸில் இருக்கும் பெரியப்பா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அக்காவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். புதுச்சேரியிலிருந்து கல்யாணமாகிப் போய் அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்ட அக்காவுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. "ஈஃபில் டவரப் பாக்க வந்தவங்களத் தெரியும். உடைஞ்ச தட்டப் பாக்க வந்தவ நீ ஒருத்திதான்டி" என்றாள்.

மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் சார்த்ர். வயல்களுக்கு நடுவே முதலில் கண்ணில் படுவது அங்கிருக்கும் பெரிய தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள். 1194-இல் தீக்கிரையாகி மறுபடி எழுந்த கோயில் அது. யுனெஸ்கோ 1979-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உள்ளே நீலமும் சிவப்புமாக இறங்கும் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு, ஊரின் மறுகோடிக்கு நடந்தோம். ரூ தியு ரெப்போ. ஓய்வுத் தெரு என்று பொருள். பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். பெயருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கும் வேலையில் இருந்தவர்தான் ரேமோன் இசிதோர். 1900-இல் இதே ஊரில் பிறந்தவர். தன்னைவிடப் பதினொரு வயது மூத்த, மூன்று குழந்தைகளுக்குத் தாயான அத்ரியேன் என்ற விதவையை மணந்துகொண்டவர். துண்டு நிலம் வாங்கித் தன் கையாலேயே சின்ன வீடொன்று கட்டினார். 1938-இல் ஒருநாள் வயல்வெளியில் நடந்தபோது மண்ணில் மினுங்கிய கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும் கண்ணை இழுத்திருக்கின்றன. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே பொறுக்கிக்கொண்டு வந்து தோட்டத்தில் குவித்தார். யோசனை பிறகுதான் வந்தது. வீட்டுக்குள் தொடங்கியவர் வெளிச்சுவர், முற்றம், சிறு பிரார்த்தனைக் கூடம், தோட்டம் என்று 1962 வரை நிறுத்தவில்லை. மொத்தம் 29,000 மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். வகுத்துப் பார்த்தேன். நாள் தவறாமல் மூன்று மணி நேரத்துக்கும் சற்று மேலே வருகிறது. பகலெல்லாம் துடைப்பம், மிச்ச நேரமெல்லாம் சிமெண்ட்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தெரு. குறுகலான வழியில் நுழைந்ததும் கண் கூசுகிறது. தரை, சுவர், பூந்தொட்டி என எங்கே திரும்பினாலும் சில்லு. பூக்கள், முகங்கள், ஊர்கள். சார்த்ர் தேவாலயமே திரும்பத் திரும்ப வருகிறது. கறுப்புச் சில்லுகளால் ஆன முற்றத்தில் பெருக்குபவருக்கென்றே ஒரு சிம்மாசனம் இருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. யார் வீட்டுத் தட்டிலோ இருந்த ரோஜா பாதியில் அறுந்து நிற்கிறது. மீதிப் பாதியை அவர் தேடவில்லை. பக்கத்தில் வேறொரு தட்டின் நீல விளிம்பை வைத்துப் பூசிவிட்டார். உடைந்ததை ஒட்டிப் பழையபடி தட்டாக்குவது அவர் எண்ணமே இல்லை. எனக்குப் பாண்டியாட்டம் நினைவுக்கு வந்தது. கட்டத்தில் எறிய நல்ல சில்லு தேடி அலைந்திருக்கிறோம். வழுக்காமல், புரளாமல், போட்ட இடத்தில் உட்காரும் சில்லு கிடைத்துவிட்டால் அதைப் பாவாடை முடிச்சிலேயே வைத்திருப்போம். அது எந்தப் பானையின் ஓடு என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

காலையில் பார்த்த வண்ணக் கண்ணாடி மட்டும் என்னவாம்? அதுவும் சில்லுகள்தான். அங்கே ஈயம் பிடித்துக்கொண்டிருக்கிறது, இங்கே சிமெண்ட். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு வயல் மண்ணில் மினுங்கியது ஏன் கண்ணில் பட்டது என்பதை நிழல் போலத் தொடர்ந்த தேவாலயமே சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தார் அவருக்குப் பிக்காசியெத் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அடுத்தவர் தட்டில் சாப்பிட்டே காலம் தள்ளும் ஆளுக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லையும் ஓவியர் பிக்காசோ பெயரையும் குழைத்துச் செய்த கேலி. வீட்டின் பெயரே இன்று மெசோன் பிக்காசியெத். உடைந்த பாத்திரச் சில்லுகளைப் பதிக்கும் கலையையே உலகம் இந்தப் பெயரால்தான் அழைக்கிறது. இசிதோர் 1964-இல் இறந்தார். குப்பை பெருக்க அவருக்குச் சம்பளம் கொடுத்த நகரசபை, அவர் சேர்த்த குப்பையை 1981-இல் விலை கொடுத்து வாங்கியது. 1983-இல் அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. எங்கள் தெருவின் தராசுக்காரர் இதைக் கேட்டால் நம்பமாட்டார்.

அக்கா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் இருந்த தையல் மெஷின் முன்னால் நின்றுவிட்டாள். அதன் மேலும் சில்லுதான். அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. பாரீஸுக்கு வந்த புதிதில் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவள் அவள்.

"இதுல எப்படித் தைச்சிருப்பா? துணி மாட்டிக்காது?" என்றாள். பிறகு, "அந்த அம்மா என்ன சொல்லியிருப்பா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இசிதோரின் இருபத்துநான்கு வருடப் பொறுமையைப் புகழ்கிற நாம், அதே இருபத்துநான்கு வருடம் அந்தச் சிமெண்ட் தூசிக்கு நடுவே சமைத்துக்கொண்டிருந்தவளை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நானும் மேலே அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

திரும்பும் ரயிலில் அக்கா வெகுநேரம் பேசவில்லை. வெர்சாய் தாண்டியதும் ஆரம்பித்தாள். "அம்மா குடுத்த ஊறுகா ஜாடி ஞாபகம் இருக்கா? மஞ்சளும் வெள்ளையுமா. அது வீடு மாத்துறப்ப உடைஞ்சிடுச்சு."

"எப்போ?"

"அது ஆச்சு பதினோரு வருஷம். அலமாரி மேல பையில கட்டி வெச்சிருக்கேன். உங்க மாமா எத்தனையோ தடவை தூக்கிப் போடப் பாத்தாரு."

பெரியம்மா வீட்டிலும் உடைந்த பீங்கானுக்கு அதே சட்டம்தான். நான் அதைச் சொல்லவில்லை. அக்காவுடையது மூன்றாவது மாடியில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். இசிதோரிடம் சில்லுக்கு முன்னால் சொந்தமாக ஒரு சுவர் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் பையை இறக்கினாள். சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்துக் கொட்டினாள். ஒன்றையும் ஒட்டிப் பார்க்கவில்லை. எண்ணினாள். பதினேழு. மூடி மட்டும் முழுசாக இருந்தது.