டேங்கை இழுத்துச் சென்ற படகுகள்! - பத்து சென்டிமீட்டரில் ஒரு 1971

ஃபைபர் படகில் விரிசல் விழுந்தால் பழவேற்காட்டுக் குப்பங்களில் யாரும் பதறுவதில்லை. ரெசினில் ஹார்டனரைக் கலந்து, ஃபைபர் மேட்டை வைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. வலை கிழிந்தால் நிழலில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகச் சேர்த்துவிடுவார்கள். ஐஸ் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி உடைந்துபோனால்கூட வீணாகாது. அதைச் செதுக்கி பொம்மைப் படகு விடுவது பிள்ளைகள் பாடு.

ரெசின், பசை, தெர்மாகோல், தேய்ப்புக் காகிதம், பெயின்ட்... இதே சாமான்களை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஒரு கூட்டம் ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் செய்வது படகு அல்ல, டேங்க். உள்ளங்கையில் அடங்கிவிடும் டேங்க்!

ஸ்கேல் மாடல் என்று இதற்குப் பெயர். நிஜ வண்டியை ஒரே விகிதத்தில் சுருக்குவது. 1/72 என்றால் நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் ஒரு சென்டிமீட்டர். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு 1/35 பிடிக்கும். மேஜைமேல் போர் விளையாடுகிறவர்கள் இன்னும் சின்னதாக 1/56, 1/72, 1/100 என்று போவார்கள்.

மேஜைமேல் போரா?

சதுரங்கத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், இதில் கட்டம் கிடையாது. ஆறடி நீள மேஜையில் மேடு, ஆறு, தோப்பு எல்லாம் சின்னதாகச் செய்து வைப்பார்கள். டேப்பால் அளந்துதான் வண்டியை நகர்த்த வேண்டும். சுட்ட குண்டு பட்டதா, பட்ட குண்டு கவசத்தைத் துளைத்ததா என்பதைப் பகடை சொல்லும். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, சக அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒழுங்குபடுத்திக் கொடுத்த விளையாட்டு இது. அதை வீட்டுக் கூடத்துக்கு இழுத்து வந்தவர் 'டைம் மெஷின்' எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிமுறைப் புத்தகமே போட்டார்.

நம்மூரில் இது இன்னும் சின்ன வட்டம்தான். பெட்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் கொஞ்சம் மூச்சுவாங்க வைக்கும். பெட்டியைத் திறந்தால் வருவதும் அநேகமாக ஜெர்மன் டேங்க், அமெரிக்க டேங்க். இத்தனைக்கும் பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் ஆவடி இருக்கிறது. 1960-களின் நடுவில் விஜயந்தா, அப்புறம் டி-72 அஜேயா, அப்புறம் அர்ஜுன் என்று இந்திய ராணுவத்துக்கு டேங்க் கட்டிக் கொடுத்த ஊர். மாவட்டத்தின் ஒரு முனையில் டேங்க், மறுமுனையில் படகு!

இரண்டும் கலந்த வண்டி ஒன்று உண்டு. ஏரிக்கரைக்காரர்கள் முதன்முதலாக ஒரு டேங்க் மாடல் செய்வதென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

மிதக்கும் டின்!

அதன் பெயர் பி.டி.-76. சோவியத் யூனியன் தயாரிப்பு. எடை சுமார் 14 டன். மூன்று பேர் உள்ளே உட்காரலாம். துப்பாக்கி 76 மில்லிமீட்டர். இதன் விசேஷம், தண்ணீரில் நீந்தும். பின்பக்கம் இரண்டு துவாரங்கள் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பஞ்சாபி ஜவான்கள் இதற்கு 'பிப்பா' என்று பெயர் வைத்தார்கள். நெய் டின் என்று பொருள். காலி நெய் டின் தண்ணீரில் மிதக்கும் அல்லவா? 2023-ல் இந்தியில் வந்த 'பிப்பா' படம் இந்த வண்டியைப் பற்றியதுதான்.

சரி, 14 டன் இரும்பு எப்படி மிதக்கிறது? படகு ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். உடம்பு பெரிதாக, உள்ளே காற்று நிறைய, சுவர் மெல்லிசாக இருந்தால் மிதக்கும். அந்த மெல்லிய சுவரில்தான் விஷயமே இருக்கிறது.

ஆவடி விஜயந்தாவின் முன்பக்கக் கவசம் 80 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 39 டன். அதை 1/72-ல் சுருக்கினால் கவசம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ஷீட்டிலேயே வெட்டிவிடலாம். பி.டி.-76-ன் கவசமோ தடிமனான இடத்திலேயே 20 மில்லிமீட்டர் அளவுதான். 1/72-ல் கால் மில்லிமீட்டர் சொச்சம். விசிட்டிங் கார்டு தடிமன்! பிளாஸ்டிக்கில் அந்த அளவுக்கு வார்த்தால் மாடல் கையில் நிற்காது. அதனால் மாடல் கம்பெனிகள் உடம்பை நிஜத்தைவிடத் தடியாகத்தான் வார்க்கின்றன. திறந்த மூடிகளின் விளிம்பை மட்டும் பின்பக்கத்திலிருந்து சுரண்டி மெலிதாக்குவார்கள், விஷயம் தெரிந்த மாடல்காரர்கள்.

பிளேடை வைத்து அந்த விளிம்பைச் சுரண்டிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் விரல் நிற்கும். இவ்வளவு மெலிசான தகட்டுக்குப் பின்னாலா மூன்று பேர் உட்கார்ந்து சண்டைக்குப் போனார்கள்?

போனார்கள்.

கரீப்பூர் பனிமூட்டம்

1971 நவம்பர் 21. போர் அதிகாரபூர்வமாகத் தொடங்க இன்னும் 12 நாள் இருந்தது. அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் ஜெஸ்ஸோர் பக்கம் கரீப்பூர் என்ற கிராமம். 14-வது பஞ்சாப் பட்டாலியனும், 45-வது கேவல்ரியின் 14 பி.டி.-76 டேங்குகளும் முந்தைய இரவில் அங்கே போய் இடம்பிடித்திருந்தன. விடியும்போது அடர்ந்த பனிமூட்டம். அதற்குள்ளிருந்து பாகிஸ்தானின் 14 எம்-24 சாஃபி டேங்குகள் வந்தன. அவை பி.டி.-76-ஐவிட எடை கூடியவை, கவசமும் கூடியவை.

காத்திருந்து, கிட்டத்தில் வரவிட்டு அடித்ததில் பாகிஸ்தான் தரப்பு தன் டேங்குகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. இந்தியத் தரப்பிலும் டேங்குகள் போயின. படைப்பிரிவுத் தலைவர் மேஜர் தல்ஜித் சிங் நரங் அந்தச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அவருக்குப் பிறகு படைப்பிரிவை நடத்திய பல்ராம் சிங் மேத்தா பின்னாளில் எழுதிய 'தி பர்னிங் சாஃபீஸ்' புத்தகம்தான் 'பிப்பா' படத்துக்கு மூலம்.

மேஜைப் போருக்கு இதைவிடக் கச்சிதமான சண்டை கிடைப்பது கஷ்டம். இரு பக்கமும் பதினான்கு பதினான்கு. பனிமூட்டத்துக்கு ஒரு விதி போதும்: எதிரி வண்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பகடை போட வேண்டும். தெரிந்தால்தான் சுடலாம். யார் பொறுமையாக இருக்கிறார்களோ அவர்களுக்கே முதல் வாய்ப்பு. பி.டி.-76 பக்கம் விளையாடுகிறவர் வண்டியை வெட்டவெளியில் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டே சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். விசிட்டிங் கார்டு கவசம் என்பதைப் பகடை மறக்காது.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி வரும். 'ஆட்கள் செத்த சண்டையைப் பிள்ளைகள் விளையாடுவதா?' நியாயமான கேள்விதான். வெல்ஸுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பொம்மைப் போர் விளையாடிப் பார்த்தால் நிஜப் போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரியும் என்ற ரீதியில்தான் அவர் தன் புத்தகத்தை முடிக்கிறார். புத்தகம் வந்த அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டது, எம்டன் கப்பல் மெட்ராஸ்மீது குண்டு போட்டது. விளையாட்டு போரை நிறுத்தாது. ஆனால், செல்போனில் ஒரே தட்டலில் நூறு டேங்கை வெடிக்க வைக்கும் பையனைவிட, ஒரு டேங்கை மூன்று வாரம் உட்கார்ந்து செய்த பையன் அதை மேஜையில் இழக்கும்போது சற்று யோசிப்பான்.

மேக்னாவில் நடந்தது

கரீப்பூரைவிட ஏரிக்கரைக்குப் பொருத்தமான காட்சி இன்னொன்று இருக்கிறது. அதே 1971 டிசம்பர். டாக்காவை நோக்கிப் போன இந்தியப் படைக்குக் குறுக்கே மேக்னா ஆறு. பாலம் இல்லை. லெப்டினென்ட் ஜெனரல் சகத் சிங் தன் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். டேங்குகளை ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாதே? அவை நீந்த வேண்டும்.

நீந்தும் டேங்க்தான். ஆனால் அரை மணி நேரத்துக்குமேல் தண்ணீரில் ஓடினால் இன்ஜின் சூடேறிவிடும். மேக்னாவோ அரை மணியில் கடக்கிற ஆறு அல்ல. முடிந்தவரை நீந்திய டேங்குகளை அதன்பிறகு உள்ளூர் மக்களின் படகுகள் கட்டி இழுத்துக்கொண்டு போயின!

இந்தக் காட்சி எந்தப் பெட்டியிலும் வராது. டேங்க் வரும், படகு வராது. மாடல் உலகில் 'கஸ்டமைஸ்' என்று சொல்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெட்டியில் இல்லாததைக் கையால் செய்து சேர்ப்பது. படகைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த வேலை.

ஒரு எச்சரிக்கை. பழவேற்காட்டு ஃபைபர் படகை அப்படியே சுருக்கி வைத்தால் தப்பாகிவிடும். வங்காளத்து நாட்டுப்படகு மரத்தில் செய்தது, பின்பக்கம் தூக்கி நிற்கும், பலவற்றில் மூங்கில் கூரை இருக்கும். பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுப்பது நல்லது. எட்டு மீட்டர் படகு 1/72-ல் 11 சென்டிமீட்டர். பி.டி.-76 துப்பாக்கி முனை வரை அளந்தால் பத்தரை சென்டிமீட்டர். ஆக, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்.

ஆற்றங்கரைக்கு உடைந்த மீன்பெட்டி தெர்மாகோலே போதும். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பூனை விடாது. அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிடும். முதலில் ஃபெவிக்காலும் மணலும் கலந்து பூசி மூடிவிட வேண்டும். ஏரி மணலைச் சல்லடையில் சலித்து மிக மெல்லியதை மட்டும் எடுக்க வேண்டும். 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் மணல்கூட ஏழு சென்டிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். கரையோரக் கோரைக்குத் தேங்காய் நாரை வெட்டிக் கொத்தாக நடலாம். தண்ணீருக்குப் பழுப்பு கலந்த பச்சை பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் இரண்டு மூன்று தடவை. இடைவெளி அடைக்க, மூட்டை முடிச்சு செய்ய எம்-சீல் நன்றாக உழைக்கும், கையுறை போட்டுப் பிசைந்தால் போதும். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பிளேடு வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளைகள் செய்யட்டும்.

டேங்க்மேல் போடும் மறைப்பு வலைக்கு மீன்வலைத் துண்டைத் தேடிப் போக வேண்டாம். ஒன்றரை சென்டிமீட்டர் கண்ணியே 1/72-ல் ஒரு மீட்டருக்குமேல் வந்துவிடும், அதற்குள் சிப்பாயே புகுந்து வெளியே வருவார்! காயத்துக்குக் கட்டும் காஸ் துணிதான் சரி. இதில் ஒரு வேடிக்கை, நிஜ மறைப்பு வலை பிறந்ததே மீன்வலையிலிருந்துதான். முதல் உலகப் போரில் மீன்வலைகளில் நாரையும் துணிக் கிழிசலையும் கட்டித்தான் பீரங்கிகளை மறைத்தார்கள். இங்கிலாந்தின் பிரிட்போர்ட் பரம்பரையாக வலை பின்னும் ஊர். இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் ராணுவத்துக்கு மறைப்பு வலை பின்னித் தந்தது.

டேங்க் தண்ணீரில் இருப்பதாகக் காட்டினால் முன்பக்கம் மடித்து வைத்திருக்கும் தகட்டைத் தூக்கி நிறுத்த மறக்கக் கூடாது. அலை ஏறி உள்ளே வராமல் தடுப்பது அதுதான். பெட்டியில் வரும் படத்தைப் பார்த்து மடித்தபடியே ஒட்டிவிட்டுத் தண்ணீரில் வைக்கிறவர்கள் நிறைய. அணியத்தில் அலை ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

கடைசியாக, படகையும் டேங்கையும் இணைக்கும் கயிறு. தையல் நூலை அப்படியே கட்டினால் பிசிறு தெரியும். மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தால் பிசிறு அடங்கி கயிறு மாதிரி ஆகிவிடும். அதைக் கம்பி மாதிரி நேராக விறைத்து வைக்கக் கூடாது. 14 டன்னை இழுக்கும் படகு ஒரு உந்தலுக்கும் அடுத்த உந்தலுக்கும் இடையே கயிற்றைத் தளர விடும், நடுப்பகுதி லேசாகத் தண்ணீரைத் தொடும். அந்தத் தொய்வு எவ்வளவு என்பதற்கு அளவுக் குறிப்பு எதுவும் தேவையில்லை. இன்ஜின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருவதைக் கரையில் நின்று ஒரு தடவை பார்த்தால் போதும்.