டிஷ் வாங்குமுன் மேற்கே பாருங்கள்



கேபிள் கட்டணம் கட்டுப்படியாகாமல் நாங்களும் துண்டித்துவிட்டோம். கடுகண்ணாவையில் டிஷ் பூட்ட நினைப்பவர்கள், சனல் பட்டியலுக்கு முன் வானத்தைப் பாருங்கள். டயலொக் டிவியின் செய்மதி கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில், அதாவது நமக்கு மேற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. கணவாய்ச் சரிவில் அந்தப் பக்கம் ஒரு பலாமரம் மறைத்தாலே படம் வராது. எங்கள் வீட்டில் பணம் கட்டிய பிறகுதான் இது தெரிந்தது. அடைமழையிலும் படம் உடையும். பியோ டிவிக்கு டிஷ் வேண்டாம். ஆனால் ஃபைபர் அல்லது தொலைபேசி இணைப்பு வேண்டும். சக்தி, வசந்தம் சனல்களை மட்டும் பார்க்கும் முதியோருக்கு, அலை எட்டுமானால், கூரை அன்டெனாவே போதும். மாதக் கட்டணமும் இல்லை.

பணம் வாங்குமுன் வீட்டுக்கு வந்து சிக்னலை அளந்து காட்டுவதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர்,
கடுகண்ணாவை