கூண்டுக்கிளிக்குக் கால் நொந்தால்

தலைநகரில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், மாடிக் குடியிருப்பின் சிறு முகப்பிலே, துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டும் தொங்குவதை இன்று பரவலாகக் காணலாம். நாய் வளர்க்க இடமில்லை. பூனைக்கு வீட்டுச் சொந்தக்காரர் இசைவதில்லை. ஆதலின் குழந்தைகளின் பிடிவாதத்துக்கு இணங்கிப் பெற்றோர் வாங்கித் தருவது, பச்சையும் மஞ்சளுமாகவோ நீலமும் வெள்ளையுமாகவோ கீச்சிடும் ஒரு ஜோடிக் கிளிகளையே. கடைக்காரர் முதல் அண்டை வீட்டார் வரை யாவரும் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்கின்றனர். உண்மையில் அப்பெயருக்கு உரியவை ஆப்பிரிக்கக் கிளிகள். நம் கூண்டில் இருப்பதோ 'பட்ஜி' எனப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் உலகெங்கும் இவை வீட்டுப் பறவைகளாயின.

இத்தகைய பட்ஜி ஒன்றைப் பற்றி மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார். கூண்டுக் கம்பியில் கால்வளையம் மாட்டிக்கொள்ள, பறவை படபடத்து இழுத்ததில் ஒரு கால் தொங்கிவிட்டதாம். "மாமியார் மஞ்சளும் நல்லெண்ணெயும் பற்றுப்போடச் சொல்கிறார். கணவர், வைத்தியம் செய்யும் பணத்தில் வேறு நான்கு வாங்கலாம் என்கிறார். ஒன்பது வயது மகளோ இரண்டு வேளையாகச் சோறு உண்ணவில்லை. நான் யார் சொல்லைக் கேட்பது?" என்று வினவியிருந்தார். திங்களிதழ் அச்சாகி வரும் வரையில் நொந்த கால் காத்திராது. ஆகவே அவருக்கு உடனே தனியாக மறுமொழி அனுப்பினோம். எனினும் இவ்வினா பல இல்லங்களில் எழக்கூடியதாகையால், விரிவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் அறியவேண்டுவது, இப்பறவை தன் நோயை மறைக்கும் என்பது. காட்டிலே நோயுற்றதாகக் காட்டிக்கொள்ளும் பறவை பருந்துக்கு இரையாகும். அந்த அச்சம் கூண்டிலும் அதனை விட்டு நீங்குவதில்லை. வீட்டார் கண்ணுக்கு நோய் புலப்படும்போது அது முற்றியிருப்பதும் உண்டு. உறங்கும்போது ஒரு காலை இறகுக்குள் மடக்கி மற்றொரு காலில் நிற்பது இயல்பே. விழித்திருக்கும்போதும் ஒரு காலை ஊன்றாதிருத்தல், கால் ஊசலாடித் தொங்குதல், பாதம் வீங்கியோ கறுத்தோ குளிர்ந்தோ இருத்தல், கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அமர்ந்திருத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

நொண்டுதல் யாவும் எலும்பு முறிவன்று. கால்வளையம் இறுகினாலும், விரலில் நூலோ தலைமயிரோ சுற்றிக்கொண்டாலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதமே அழிந்துவிடக் கூடும். நூலாயின் நல்ல வெளிச்சத்தில் சிறு கத்தரியால் வெட்டலாம். தோலுக்குள் புதைந்துவிட்டதாயினும், உலோக வளையமாயினும் மருத்துவரே நீக்கவேண்டும். பெட்டைப் பறவை முட்டையிட இயலாமல் தவிக்கும்போது, உள்ளே நரம்பு அழுந்தி இரு கால்களும் வலுவிழக்கும். அது அன்றைக்கே மருத்துவரிடம் செல்லவேண்டிய நிலை. அடிபடாமலே, புண்ணும் இல்லாமலே ஒரு கால் மட்டும் நாளடைவில் சோர்ந்து வருமாயின், சிறுநீரகத்திலோ இனப்பெருக்க உறுப்பிலோ கட்டி வளர்ந்து கால் நரம்பை அழுத்துவதாகவும் இருக்கலாம். பட்ஜிகளுக்கு இது அரிதன்று. கால் மூட்டுகளில் வெண்ணிற முடிச்சுகள் தோன்றினால் அது கீல்வாதம். ஆதலின், "கால்தானே, தானே கூடிவிடும்" என்று இருந்துவிடலாகாது.

இனி, மருத்துவரிடம் சேரும் வரை வீட்டில் செய்யத்தக்கவை.

பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம் வரையே. அதன் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய மூன்றரை மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. ஆகவே சில துளி இரத்தமும் அதற்குப் பெரிய இழப்பே. இரத்தம் கசிந்தால் தூய மெல்லிய துணியால் சில நிமிடங்கள் மெல்ல அழுத்திப் பிடிக்கவேண்டும். நகம் மட்டும் ஒடிந்திருந்தால் நகநுனியில் சோளமாவை வைத்து அழுத்தலாம். திறந்த புண்ணில் மாவு வைத்தல் கூடாது.

பறவையைப் பிடிக்கும்போது மெல்லிய துணியால் போர்த்தி, கழுத்தின் இரு பக்கமும் இரு விரல்கள் அணைந்திருக்க ஏந்துக. மார்பை ஒருபோதும் அழுத்தலாகாது. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே அவை மூச்சு விடுகின்றன. மார்பை இறுக்கிப் பிடித்தால், மூக்கை மூடாமலே மூச்சை நிறுத்தியவர்களாவோம்.

அடுத்து, சிறு அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுத் துளைகள் இட்டு, அடியில் மடித்த பழைய பருத்தித் துணியை விரித்துப் பறவையை அதில் விடுக. துவாலை வேண்டா, அதன் நூற்சுருள்களில் நகம் மாட்டும். ஏறி அமரும் குச்சியும் வேண்டா. தினையையும் நீரையும் தாழ்ந்த சிறு மூடிகளில் வாய்க்கெட்டும் தொலைவில் வைக்கவேண்டும். அரையிருளும் அமைதியும் 30 டிகிரி அளவு வெதுவெதுப்பும் அதற்கு நலம் தரும். வெந்நீர்ப் பையைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதிக்கடியில் மட்டும் வைத்தால், வெப்பம் மிகுந்தபோது பறவை மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் அதிகம் என்று அறிக. தில்லிக் குளிரில் சிலர் கரி அங்கீட்டியை அறைக்குள் வைப்பதுண்டு. அந்தப் புகை மனிதருக்கே நஞ்சு. பறவை நமக்கு முன்னரே மாண்டுவிடும்.

சகோதரியின் மாமியார் சொன்ன பற்றைப் பற்றி ஒரு சொல். மூத்தோர் அக்கறையால் சொல்வதை எள்ளுதல் தகாது. ஆயினும் மனிதருக்கும் மாட்டுக்கும் ஏற்றது இறகுள்ள உயிருக்கு ஏலாது. எண்ணெயோ நெய்யோ களிம்போ பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலை இழக்கும். பறவையோ அதனை அலகால் நீவி உட்கொள்ளும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்து நீரில் கலப்பது இதனினும் கொடிது. நம் நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்தமைக்கு, மாடுகளுக்குத் தந்த டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்தே காரணமெனக் கண்டு, 2006-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அதனைத் தடை செய்தனர். அம்மருந்து நம் வீட்டு வலிக்களிம்புகள் பலவற்றில் உள்ளது என்பதை நினைவிற்கொள்க. தீக்குச்சியை வைத்து நாமே கட்டுப்போடுவதும் வேண்டா. கோணலாகக் கட்டிய கால் கோணலாகவே கூடும்.

மருத்துவரைத் தேடும்போது, "பறவைகளைப் பார்ப்பீர்களா?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். நாய்க்கு வைத்தியம் செய்பவர் எல்லாரும் கிளிக்கும் செய்பவரல்லர். செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் தொடக்கத்திலுள்ள சமணர்களின் லால் மந்திரில் பறவைகளுக்கென்றே ஒரு தரும மருத்துவமனை நடைபெறுகிறது. அங்கே பறவையை ஒப்படைக்குமுன் அவர்களுடைய நியதிகளைக் கேட்டறிந்துகொள்வது நன்று. எங்குச் சென்றாலும், அடிபட்ட நேரம், அடிபட்ட விதம், பறவையின் வயது, சமையலறைத் தராசில் நிறுத்த எடை, கடைசியாக உண்ட வேளை, எச்சத்தின் நிறம் ஆகியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்க. நமது ஹிந்தி தடுமாறினாலும் தாளில் எழுதியது தடுமாறாது.

எலும்பு முறிவாயின், இத்துணைச் சிறிய பறவைக்கு மருத்துவர் பெரும்பாலும் மெல்லிய ஒட்டுநாடாவை இருபுறமும் சேர்த்து ஒட்டி அணைகட்டுவார். பறவையின் எலும்பு விரைவில் கூடுவது. சுமார் மூன்று வாரங்களில் கட்டை அவிழ்த்துவிடலாம். காலையே இழக்க நேர்ந்தாலும் ஒற்றைக் காலுடன் பட்ஜி வாழும். ஆனால் எஞ்சிய பாதம் முழுப்பாரத்தையும் தாங்கிப் புண்ணாகாதவாறு, குச்சிகளுக்கு மெல்லிய துணி சுற்றித் தாழ்வாக அமைத்துக் கொடுக்கவேண்டும்.

இனி அந்த வீட்டுத் தலைவருக்கு. அவர் கணக்கில் பிழையில்லை. வைத்தியச் செலவு பறவையின் விலையைத் தாண்டும் என்பது மெய்யே. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் தொகையும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாமும் அறிவோம். ஆனால் மகள் கேட்டது வேறொரு பறவையையன்று. பாட்டியும் அத்தையும் மாமனும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, பள்ளியிலிருந்து திரும்பியதும் தமிழில் பேசுவதற்கு அவளுக்கு வாய்த்த தோழி அது. அடிபட்டதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்கினால், நொந்துபோனது வேண்டாதது என்னும் பாடத்தையும் அவள் சேர்த்துக் கற்றுக்கொள்வாள். நாளை நாம் முதியவராகி நடை தளரும்போது, அந்தப் பாடம் நமக்கே திரும்பி வரும். கைக்கு எட்டிய அளவில் செய்வோம்; எட்டாதபோது, பறவை வலியின்றிப் போக வழியுண்டா என்று மருத்துவரிடமே கேட்போம். இரண்டையும் குழந்தையிடம் மறைக்காமல் சொல்வோம்.

அச்சகோதரி தொலைபேசியில் பின்னர்ச் சொன்னபடி, கணவரே விடுப்பெடுத்துப் பறவையை மருத்துவரிடம் கொண்டு சென்றார். கட்டு அவிழ்த்தாயிற்று. ஒரு விரல் மடங்குவதில்லை. ஆயினும் தாழ்ந்த குச்சியில் அமர்கிறதாம். மாமியார் தம் கையாலேயே தினை வைக்கிறாராம்.

வருமுன் காப்பதற்கும் சில சொற்கள். கூண்டில் பிளாஸ்டிக் குச்சிகளை நீக்கி, வேம்பு, கொய்யாக் கிளைகளைப் பருமனிலும் மென்மையிலும் வேறுபட்டவையாக வைக்கவேண்டும். ஒரே அளவான குச்சி பாதத்தின் ஒரே இடத்தை அழுத்திப் புண்ணாக்கும். தினை மட்டுமே தின்னும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நொய்ந்துபோகும். நம் நாட்டுமருந்துக் கடைகளில் 'கடல்நுரை' என விற்கும் கணவாய் ஓட்டை இங்குள்ள பறவைக் கடைகளில் 'சமுந்தர் ஜாக்' என்று கேட்டு வாங்கிக் கூண்டில் மாட்டலாம். கொத்தமல்லித் தழையும் சீவிய கேரட்டும் தரலாம். பறவையைக் கூண்டுக்கு வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்துக. கதவை மூடுமுன் அதன் மேல்விளிம்பைப் பார்க்க.

முகப்பில் அடிபட்டு விழுவது நம் நாட்டுப் பச்சைக்கிளியாயின், வேறு விதி உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைக் கூண்டிலிட்டு வளர்ப்பது குற்றம். முதலுதவி செய்து பறவை மருத்துவமனையிலோ வனத்துறையிடமோ ஒப்படைப்பதே முறை.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் காலம் நெருங்குகிறது. கிளியை அண்டை வீட்டில் விட்டுச் செல்வோர், தினைப் பொட்டலத்துடன் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், சிறிது பணத்தையும், "தேவைப்பட்டால் தயங்காமல் செலவிடுங்கள்" என்ற ஒரு வரியையும் வைத்துச் செல்வார்களாக. பிறர் பொருளுக்குச் செலவிட அண்டை வீட்டார் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்திலே ஓர் உயிர் போய்விடலாகாது.