திரும்பி நிற்க ஒரு வழக்கு

அமெரிக்கப் பெரும்பண்ணைகள் பலவற்றில் சினைப்பன்றிக்குக் கிடைக்கிற இடம் இரண்டடி அகலம், ஏழடி நீளம். இரும்புக் கம்பிக் கூடு. எழும்பலாம், படுக்கலாம், மற்றப் பக்கம் திரும்ப ஏலாது. சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். குட்டி போட்டுப் பால் மறந்ததும் மறுபடி சினை, மறுபடி கூடு. வளர்கிற குட்டிகள் நெருக்கத்திலும் சலிப்பிலும் ஒன்றின் வாலை மற்றது கடிக்கும். அதுக்குப் பண்ணையின் வைத்தியம்? இடத்தைக் கூட்டுறதில்லை, வாலை வெட்டுறது.

2018இல் கலிபோர்னியாச் சனம் வாக்குப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தது: தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி இல்லையெண்டால் அந்த இறைச்சியை இங்கே விற்கக்கூடாது, வெளி மாநிலத்தில் இருந்து வந்தாலும்தான். 24 சதுர அடி எண்டால் ஒரு கட்டில் போடுற இடம். இதை எதிர்த்துப் பன்றி வளர்ப்போர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023 மே மாதம் தோற்றது.

“விலை கூடும்” எண்டு கத்துகினம். கூடும்தான். அப்ப இவ்வளவு காலமும் அந்த மலிவு விலைக்கு ஆர் காசு கட்டினது? (இறைச்சியை விடச் சொல்லேல்லை; நானும் சாப்பிடுறனான்.)

அமெரிக்காவிலேயே ஆகக்கூடுதலாகப் பன்றி வளர்க்கிற அயோவாவில் இந்தக் கூட்டுக்கு இன்னும் தடையில்லை.