வீதியோரப் பலகையும் சபையின் கடமையும்

கிளிநொச்சியிலே கண்டி வீதியோரம் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என் மனத்தில் எழுவதுண்டு. கடைத்தொகுதியின் விளம்பரப் பலகை எங்கே நிற்க வேண்டும். அதனை முடிவு செய்பவர் யார்? அற்பக் கேள்வி என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபை, விளம்பரப் பலகைக்குக் கட்டணம் அறவிடுகிறது. கண்டி வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது. கட்டணம் ஓரிடம், வீதி வேறிடம் என்றானபின், நடந்து செல்வோரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

வணிகர் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டுப் போருக்குப் பின்னரே மக்களுக்கு மீண்டும் திறந்த வீதி இது. இழந்தவற்றை மீட்கக் கடை வைத்தவர், பேருந்தில் விரைவோரின் கண்ணிற் பட விழைதல் இயல்பே. வருவாய் தேடும் சபையும் அக்கட்டணத்தை வேண்டாமென்று சொல்லாது.

எனினும், 2019 செப்டெம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் வீதி நடுவே கட்டியிருந்த பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் தண்ணீர் லொறியில் அகப்பட்டு மாண்டதை மறக்கலாமா? பிரேசிலின் சாவோ பாவுலோ நகரம் 2007இல் வெளிப்புற விளம்பரங்களையே விலக்கியது. அத்துணைக் கடுமை நமக்கு வேண்டியதில்லை. சந்தியில் பார்வையை மறையாமலும் நடைபாதையை அடையாமலும், கடையின் எல்லைக்குள்ளேயே பலகை நிற்கட்டும். இடத்தை இரு சபைகளும் கூடி முதலில் வகுக்கட்டும். கட்டணம் பின்னர் வரட்டும்.

உறுப்பினர்கள் கட்டணப் பட்டியலைப் புரட்டுமுன், பாடசாலை விடும் வேளையில் அச்சந்தியில் ஒருமுறை நின்று பார்த்தல் நன்று.